நாட்டு விதையை மரியாதையோடு வழியனுப்பும் முறை

நாட்டு விதையை ஒழிப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் அதன் கெட்டி உயிரை அறியாதவர்கள். 1876இல் தொடங்கிய தாது வருசப் பஞ்சம் மதுரைச் சீமையைப் பிடித்து உலுக்கியது. கஞ்சித் தொட்டி திறந்தார்கள். ஜனம் கண்டிச் சீமைக்குக் கப்பலேறியது. அத்தனைக்கும் பிறகு மழை திரும்பியபோது, குதிரின் அடியிலும் அடுப்படி உத்திரத்திலும் மிஞ்சிக் கிடந்தது முளைத்து மேலே வந்துவிட்டது.

ஆகவே பகைமை இந்தக் காரியத்துக்கு உதவாது. பாசம் வேண்டும். கூடவே ஒரு மேடை, ஒரு பதாகை, கண்ணாடிக் குப்பிகள் கொஞ்சம், வந்தவர்களுக்குக் கொடுக்க ஆவாரம்பூத் தேநீர். இவ்வளவு இருந்தால் போதும், யார் மனமும் நோகாமல் எந்த விதையையும் வழியனுப்பிவிடலாம். மேலூரிலிருந்து பேரையூர் வரை, வாடிப்பட்டியிலிருந்து திருமங்கலம் வரை விதை காக்கப் புறப்பட்டிருக்கும் அன்பர்களின் வசதிக்காக அந்த முறையை எழுதிவைக்கிறேன்.

ரகம் தேர்வு

பெயர் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா உத்தமம். இளவட்டக்கல், மாமனார் வீடு, மாப்பிள்ளையின் தோள்வலிமை என்று அதற்குப் பின்னால் கதை இருக்கிறது. கதை இருந்தால் மேடையில் பத்து நிமிடம் ஓட்டலாம். கருப்புக் கவுனி இன்னும் விசேஷம், படத்தில் நன்றாக விழும். காட்டுயானம் ஆறேழு அடி வளரும், உள்ளே யானை நின்றாலும் தெரியாது என்று சொன்னால் குழந்தைகள் கை தட்டுவார்கள்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் உங்கள் ஊர் விதையைத் தொடாதீர்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து இருங்குச் சோளத்துக்குக் கதையும் இல்லை, பாட்டும் இல்லை. மாடு தின்னும், மனுசனும் தின்பான், அவ்வளவுதான். டி. கல்லுப்பட்டிக் கரிசலில் வரும் குதிரைவாலியைப் பார்த்தால் புல் என்று பிடுங்கிப் போட்டுவிடத் தோன்றும். மானாவாரியில் மழையை நம்பித் தூவுகிற குளிவெடிச்சான், குருவைக்களஞ்சியம், சித்திரைக்கார் எல்லாம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் காய்ச்சலுக்குப் பழகிய நெல்கள். இவற்றை வைத்து விழா எடுத்தால் கூட்டம் வராது.

மாப்பிள்ளைச் சம்பாவில் இன்னொரு வசதியும் உண்டு. அது அறுப்புக்கு வர ஏறத்தாழ 160 நாள் பிடிக்கும். பெரியாறு, வைகைப் பாசனத்தில் கால்வாய் திறக்கும் அரசாணையைப் பார்த்தால் பொதுவாக 120 நாளுக்குத்தான் தண்ணீர். அதிலும் முதல் 45 நாள் தொடர்ச்சியாக, மீதி முறை வைத்து. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு மேலூரில் ஒருத்தர் முக்கால் ஏக்கர் விதைத்தார் என்றால், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மடை வறண்டிருக்கும். கிணறு இருந்தால் பிழைப்பார். இல்லாவிட்டால் அடுத்த வருடம் "பாரம்பரியம்" என்ற சொல்லைக் கேட்டாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அந்தத் தெருவில் இனி எந்த நாட்டு நெல்லுக்கும் ஆள் கிடையாது. ஒரு ரகத்தைக் கொண்டுவந்து ஒரு ஊரையே முடிக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

குப்பி

தேர்வு முடிந்ததும் கண்ணாடிக் குப்பி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி நெல், மேலே பெயர்ச்சீட்டு. நூறு குப்பி இருந்தால் தமுக்கம் மைதானத்தில் அரங்கு போடலாம். மதுரை வெயிலில் சாதாரண அறையில் வைத்த விதை ஒன்றிரண்டு வருடத்தில் முளைப்பை இழந்துவிடும். குப்பிக்குள் பார்க்க மட்டும் அப்படியே பளபளக்கும். இதுதான் குப்பியின் சிறப்பு. உள்ளே இருப்பது விதையா அரிசியா என்று பார்வையாளர் யாரும் கடித்துப் பார்ப்பதில்லை.

நீண்ட காலப் பாதுகாப்பு என்றால் நமக்குச் சிவகளை முன்னோடி. அங்கே அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லைப் பகுத்துப் பார்த்து அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வருடம் திருடன் தொடவில்லை, எலி தொடவில்லை. முளைக்காது, அது வேறு விஷயம்.

நார்வேக்காரர்கள் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008இல் மலையைக் குடைந்து ஒரு விதைப் பெட்டகம் திறந்தார்கள். உள்ளே மைனஸ் 18 டிகிரி. உரையில் இதைக் கட்டாயம் சேருங்கள். ஆனால் அதன் பின்கதையைச் சொல்லிவிடாதீர்கள். சிரியப் போரில் அலெப்போ நகருக்குப் பக்கத்திலிருந்த விதை வங்கியை விட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியேற நேர்ந்தது. 2015இல் தாங்கள் சுவால்பார்டில் போட்டுவைத்ததைத் திரும்ப எடுத்தார்கள். எடுத்து வேறொரு பெட்டகத்தில் பூட்டவில்லை. லெபனானிலும் மொராக்கோவிலும் மண்ணில் விதைத்து, அறுத்து, பெருக்கி, அதில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தச் செய்தி பரவினால் நம் குப்பிகளைப் பற்றி யாராவது கேள்வி கேட்கக்கூடும்.

குப்பிக்குப் போட்டியாக ஊரில் சில பழைய ஏற்பாடுகள் இன்னும் மிச்சமுண்டு. அடையாளம் தெரிந்துவைத்துக்கொண்டால் தவிர்க்க உதவும் என்பதால் சொல்கிறேன். சோளத்தில் அறுப்புக்கு முன்னாலேயே தலைக்கதிராகப் பார்த்து முறித்துவந்து அடுப்புக்கு மேலே கட்டிவிடுவார்கள். புகை ஏறி ஏறிப் பூச்சி அண்டாது. கத்திரியை மஞ்சள் பூக்கிற வரைக்கும் செடியிலேயே முற்றவிட்டு, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். பீர்க்கையில் இந்த வேலையும் கிடையாது. கொடியிலேயே காயவிட்டால் கூடு தானே பை ஆகிவிடும், குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கும். துவரைக்கும் தட்டைப்பயறுக்கும் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைப்பது வழக்கம். வண்டு வந்து துளை போட முடியாது. நெல் என்றால் வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டுவது. கோட்டைக்குள் நொச்சி இலையோ வேப்பிலையோ ஒரு கொத்து. காய்ந்தது போதுமா என்பதற்குக் கருவி பல்லுதான்: கடித்தால் கடுக்கென்று சத்தம் வர வேண்டும், மசிந்தால் இன்னொரு வெயில்.

இவற்றில் ஒன்றுக்கும் காசு செலவில்லை, அதனால் எந்தத் திட்டத்திலும் நிதி கேட்க முடியாது. அதைவிடப் பெரிய குறை, வருடா வருடம் விதைத்தாக வேண்டும் என்பது. கோட்டை கட்டியவள் ஆடி, புரட்டாசி வந்தால் பிரித்தே ஆக வேண்டும். கண்காட்சிக்கு வைத்திருக்க முடியாது.

பதிவேடு

விதையோடு அதைப் பற்றிய அறிவையும் சேர்த்து வழியனுப்ப வேண்டும் அல்லவா. அதற்கு ஏற்ற சாதனம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தில் இருக்கிறது: ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு, அந்தக் குழு ஊர் மக்களோடு உட்கார்ந்து தங்கள் செடி, கொடி, பயிர், கால்நடை, மருத்துவ அறிவு எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். நல்ல சட்டம், குறை சொல்வதற்கில்லை. பல வருடம் நாடு முழுக்க அது பெரும்பாலும் காகிதத்தில் தூங்கியது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31க்குள் எழுதி முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. உடனே நூறு தலைமுறை அறிவைச் சில மாதத்தில் எழுதி முடிக்கும் அவசரம் பிறந்தது.

அவசரம் எப்போதும் நம் பக்கம். ஒப்பந்தத்தில் வந்த தம்பி ஒருவரைப் படிவத்தோடு சேடபட்டிப் பக்கம் அனுப்புங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்.

"அப்பத்தா, இந்தச் செடிக்கு என்ன பேரு?"

"எந்தச் செடி? அங்குட்டு நிக்கிதே, அதுவா? ஆடு கடிக்காதுய்யா அத."

"பேரு அப்பத்தா."

"அதாம்ப்பா சொல்றேன், ஆடுகடியாக் கொழைன்னுதான் சொல்லுவோம்."

"சரி. பயன் என்ன?"

"யாருக்கு?"

"பொதுவா."

"பொதுவா ஒண்ணுக்கும் ஆகாது ராசா. நெஞ்சுச்சளி கட்டுன கைப்பிள்ளைக்கு ஒரு பக்குவம், நெறி கட்டுன ஆளுக்கு ஒரு பக்குவம். சூட்டு ஒடம்பா இருந்தா தொடவே கூடாது. பிள்ளைக்கு என்ன செய்யுது? கூட்டியா, பாத்துச் சொல்றேன்."

"பிள்ளை இல்ல அப்பத்தா, படிவம்."

"படிவத்துக்கு நான் என்னத்தக் குடுக்க?"

தம்பி படிவத்தில் "மருத்துவ குணம் உடையது" என்று எழுதுவார். அவர் மேல் தப்பில்லை; கட்டம் அவ்வளவுதான் அகலம். யாருக்கு, எந்த மாதம், எவ்வளவு, எதோடு சேர்க்கக் கூடாது, மழைக்குப் பிறகு பறித்தால் வேகம் ஏன் குறையும் என்பதெல்லாம் கட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். வெளியே நின்றது அப்பத்தாளோடு போகும். பதிவேடு அலுவலகத்துப் பீரோவில் இருக்கும், பூட்டுப் போட்டு.

பள்ளிக்கூடங்களையும் மறந்துவிடாதீர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கியிருக்கிறார். அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் போட்டி வையுங்கள். பரிசு வாங்கிய பிள்ளையை மைதானத்து வேலியோரம் கூட்டிக்கொண்டுபோய் இது என்ன செடி என்று கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். முடக்கத்தானும் குப்பைமேனியும் பாவம், அந்த 99இல் இடம் பிடிக்கவில்லை.

உலக்கை

இந்த இடத்தில் விதை காப்போர் பலரும் உணர்ச்சிவசப்பட்டு, "நம் பெண்கள் மட்டும் மாறாமல் இருந்திருந்தால்" என்று தொடங்குவார்கள். தொடங்கட்டும். ஆனால் குதிரைவாலியை உரலில் போட்டு ஒரு படி குத்திப் பார்த்தவர்கள் யாராவது அந்த மேடையில் இருக்கிறார்களா என்று மட்டும் தேடாதீர்கள். தானியம் கடுகுக்கு அண்ணன், உமி அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கடைசியில் தேறுவது பாதிக்கும் கொஞ்சம் மேலே. காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தவள், விளக்கு வைக்கிற நேரத்தில் ஏழு பேருக்கு இதைச் செய்தாள். 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு வந்தபோது ஓட்டுப் பெட்டி நிரம்பியதில் ஆச்சரியம் என்ன? 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமலே வந்தது. உலக்கையை மூலையில் சாத்தியவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு ஒரு உமி நீக்கும் எந்திரம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்த ஊர்களிலும் பழுது பார்க்க ஆள் சேர்ந்து வரவில்லை.

எந்திரத்தைத் தவிர எல்லாவற்றையும் கொடுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் பரிந்துரை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. முன்மொழிந்ததே இந்தியாதான். அந்த வருடம் மதுரையில் சிறுதானிய பீட்சா முதல் சிறுதானிய ஐஸ்கிரீம் வரை எல்லாம் பார்த்தோம். பேரையூர் விவசாயி உமியோடு மூட்டையை வியாபாரிக்குப் போடுகிறார், அது வெளியூர் ஆலைக்குப் போய் வெள்ளை உரிந்து, பளபளப்புப் பையில் அண்ணா நகர் அங்காடிக்கு வருகிறது. அதே விவசாயி வீட்டுக்கு அரிசி ரேஷன் கடையிலிருந்து வருகிறது. தான் விதைத்ததைத் தானே தின்ன வழியில்லாதவர் அதை எத்தனை வருடம் விதைப்பார்? பக்கத்துக் காட்டுக்காரர் மக்காச்சோளம் போட்டுக் கோழித் தீவனத்துக்கு ஏற்றிவிட்டு மொத்தமாகக் காசு எண்ணுகிறார். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றது. மருந்தடித்துவிட்டு அடுத்த வருடமும் மக்காச்சோளமே போட்டார்கள். வாங்க ஆள் இருக்கிற பயிர் புழுவையும் தாங்கும்.

சட்டமும் தராசும்

சட்டத்தில் விவசாயிக்கு ஒரு நல்ல பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். 2001ஆம் வருடப் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தன் விளைச்சலிலிருந்து விதையை எடுத்துவைக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்கவும் கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. முத்திரை குத்திய பையில் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவே கட்டுப்பாடு. ஊரில் யாராவது, "வீட்டு விதையை விற்றால் போலீஸ் வரும்" என்று சொன்னால் நீங்கள் மறுக்க வேண்டாம். லேசாகத் தலையாட்டினாலே போதும்.

தராசு இதைவிட வேகமாக வேலை செய்யும். அரசு வாங்கும் அரிசிக்கு இந்திய உணவுக் கழகம் பின்பற்றும் தர விதிகளில், கல், உடைசல், பழுப்பு என்று குறைகளின் பட்டியலில் "சிவப்பு மணி" என்றும் ஒரு வரி இருக்கிறது. நூற்றுக்கு 3க்கு மேல் போகக் கூடாது. சித்திரைக்கார் உமி நீக்கினால் முழுக்கச் சிவப்பு. நூற்றுக்கு நூறு குறை. ஒரு பக்கம் நெல் ஜெயராமன் (அவர் கதை பின்னால் வருகிறது) பெயரில் மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கம் 2021இல் தொடங்கி, வேளாண் விரிவாக்க மையத்தில் மானிய விலையில் விதை கொடுக்கிறது. மறுபக்கம் அந்த விதை விளைந்து வந்தால் கொள்முதல் நிலையத்து ஈரப்பதக் கருவிக்கும் தர விதிக்கும் அதை எந்தச் சாக்கில் போடுவது என்று தெரியவில்லை. இரண்டும் அரசுதான். இரண்டு அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், கூட்டத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவையுங்கள்.

பருத்தியில் இந்த வேலை வெகு முன்னாலேயே முடிந்துவிட்டது, பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிக் கரிசலில் கருங்கண்ணி விளைந்தது. ஆழ வேர் விட்டு, ஒரு மழையில் நின்று, பூச்சியைப் பெரிதாகச் சட்டை செய்யாத நாட்டுப் பருத்தி. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தேற்றவும் செய்தது. ஆனால் நூற்பாலையின் கதிருக்கு நீள இழை வேண்டும். கருங்கண்ணியின் இழை குட்டை. ஆலை தன் எந்திரத்தை மாற்றவில்லை, காடு தன் விதையை மாற்றிக்கொண்டது. கம்போடியாப் பருத்தி வந்தது, பிறகு கலப்பினம், 2002இல் மரபணு மாற்றிய பி.டி. யாரும் கருங்கண்ணியைத் தடை செய்யவில்லை. வாங்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

புவிசார் குறியீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்தது, சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல். விழா எடுக்க அருமையான சந்தர்ப்பம். மதுரை மல்லியின் பதியன்கள் பெரும்பாலும் ராமேசுவரத்துத் தங்கச்சிமடத்து மணலில் வேர் பிடித்து வருகின்றன என்பதையோ, வெற்றிலைக் கொடிக்காலுக்கு முதலில் அகத்தி வளர்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதையோ வரவேற்புரையில் சேர்த்தால் நேரம் போதாது.

மலை

பயிரும் செடியும் நிற்கிற நிலத்துக்கும் முறை உண்டு. அரிட்டாபட்டியைப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்து அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். ஏழு குன்றுகள், 72 குளங்கள், 200 ஊற்றுகள், மேலே ராஜாளிகள், பாறையில் தமிழி எழுத்து. இதுவரை சரியான முறை. அடுத்த கட்டமும் சரியாகவே நடந்தது: இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் தொகுதியை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. பாரம்பரியப் பலகை ஒரு கையில், சுரங்க உரிமம் மறு கையில். இவ்வளவு நேர்த்தியாகத் திட்டமிட்டாலும் செய்ய முடியாது.

காரியத்தைக் கெடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. இப்படிப்பட்ட ஊர்களில் இந்த வழிகாட்டி செல்லுபடியாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைகள்

இரண்டு ஆபத்துகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, முளைப்பாரி. மதுரையைச் சுற்றி ஊர்ப் பொங்கல் என்றால் பெண்கள் மண் ஓட்டில் வைக்கோலும் எருவும் பரப்பி, பயறு வகைகளை விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். சாமிக்கு என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் யார் வீட்டு விதை நெடுநெடுவென்று எழுந்தது, யார் வீட்டுப் பயறு பாதி சோடை போனது என்பது தலையில் சுமந்து தெருவழியே போகும்போது ஊருக்கே தெரிந்துவிடும். நன்றாக வந்த வீட்டில் அடுத்த பட்டத்துக்கு விதை கேட்டுப் போவார்கள். நம் கண்ணுக்கு முன்னால், அனுமதி எதுவும் வாங்காமல் நடக்கிற விதைப் பரிசோதனை இது. நல்லவேளை, இப்போது கீழமாசி வீதியில் நவதானியம் பொட்டலமாகவே கிடைக்கிறது. எல்லா ஓட்டிலும் ஒரே கடை விதை முளைத்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. பொட்டலத்தை ஊக்குவியுங்கள். முடிந்தால் இலவசமாகவே கொடுங்கள்.

இரண்டாவது ஆபத்துதான் பெரியது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் ஒருவர் 2006இல் நெல் திருவிழா தொடங்கினார். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரின் வழியில் வந்தவர், பெயர் ஜெயராமன். பிறகு ஊரே நெல் ஜெயராமன் என்றது. அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை, காசு வேண்டாம்; அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடு. மேடை போட்டார், பதாகை கட்டினார், நம் ஆள்தான் என்று நாம் நினைத்திருந்த நேரத்தில் விதை அவர் கையில் தங்காமல் வெளியே போய்க்கொண்டே இருந்தது. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது 174 ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. அவை குப்பியில் இல்லை, யார் யார் வயலிலோ நின்றன. இனி அதைத் தேடிப் பிடித்து மரியாதை செய்து முடிப்பது யாராலும் ஆகாத காரியம்.

அந்த வகை ஆள் உங்கள் விழாவுக்கும் வருவார். அடையாளம் சொல்கிறேன். உரை நடக்கும்போது உள்ளே உட்கார மாட்டார். குப்பிகளுக்கு முன்னால் நின்று ஒன்றைத் திறந்து, நெல்லை உள்ளங்கையில் கொட்டி ஊதி, ஒன்றை எடுத்துக் கடிப்பார். பிறகு உங்களிடம் வந்து, "இது எத்தன நாளு? காச்சலுக்குத் தாங்குமா? ரெண்டு படி குடுங்க தம்பி, போட்டுப் பாத்துட்டு தையில தாரேன்" என்பார்.

கொடுத்துவிடாதீர்கள். இது காட்சிக்கு மட்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விண்ணப்பப் படிவம், ஆதார் நகல், சிட்டா, அடங்கல் கேளுங்கள். அவற்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்றால் ஒரே வழிதான் மிச்சம்: கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய், "மண்ணின் மைந்தர்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, பொன்னாடை போர்த்திவிடுங்கள். பாலியஸ்டர் போதும். புகைப்படக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அதற்குள் குப்பிகளைக் கட்டிப் பெட்டியில் ஏற்றிவிடலாம்.